தானாக உறுமிய கார்

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் இயங்கும் துப்பறியும் நிறுவனத்துக்கு இரண்டு ரகத்தார் வருவார்கள். படியேறும்போதே அழுகிறவர்கள் ஒரு ரகம். ஏறி முடித்ததும் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள் இன்னொரு ரகம். அன்று வந்த அனு இரண்டாவது ரகம் என்பது, அவள் வணக்கம் சொல்வதற்கு முன்பே கைக்குட்டையை எடுத்ததில் ஜெபசிங்குக்குத் தெரிந்துபோயிற்று.

"இங்க ஏசி இல்லையா?"

"வாங்கி வெச்சோம் மேடம். பக்கத்துக் கடையில வடை சுடற புகையில அதுக்கே மூச்சு முட்டிப்போச்சு," என்றான் ஜெபசிங்.

அவள் சிரிக்கவில்லை. ஜெபசிங் அதை எதிர்பார்க்கவும் இல்லை. கேளம்பாக்கத்துக்கும் நாவலூருக்கும் நடுவே பல வருஷம் ஷேர் ஆட்டோ ஓட்டியவன் அவன். ஏறுகிறவர் முகத்தைப் பார்த்தே சில்லறை வைத்திருக்கிறாரா, சண்டை வைத்திருக்கிறாரா என்று சொல்லிவிடுவான். அந்தத் திறமைக்காகத்தான் சியாமளா அவனை உதவியாளாக வைத்துக்கொண்டார். வாயை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லி இன்றுவரை கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.

சியாமளா கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். எது கசியும், எங்கே தீப்பிடிக்கும், எவன் அசட்டையாக இருப்பான் என்று பார்ப்பதுதான் அங்கே அவருக்கு வேலை. முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு, இப்போது எவன் பொய் சொல்கிறான் என்று பார்க்கிறார். இரண்டும் ஒரே வேலைதான் என்பார்.

"உக்காருங்க. சொல்லுங்க," என்றார்.

அனு நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்து சொன்னாள். நாவலூரில் அவளும் ரோஹித் என்பவனும் கூட்டாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறார்கள். பணம் போட்ட வெளிநாட்டுக்காரர்கள் கணக்குப் பார்க்க வந்து மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் தங்கியிருக்கிறார்கள். கணக்கு முழுவதும் இருக்கிற ஹார்டு டிஸ்கை ஒரு தோல் பையில் போட்டுக்கொண்டு, ரோஹித் அன்று காலை தன் ஹைபிரிட் காரில் தனியாகக் கிளம்பினான். பூஞ்சேரி தாண்டி ஒரு பங்கில் பெட்ரோல் போட நிறுத்தினான். போட்ட பெண் தரையெல்லாம் பெட்ரோலைக் கொட்டினாள். அத்தனை பேரும் உயிருக்குப் பயந்து ரோட்டுக்கு ஓடினார்கள். திரும்பி வந்து பார்த்தால் காரில் பையைக் காணோம்.

"ஹைபிரிட்னா இன்னா மேடம்?" என்றான் ஜெபசிங்.

"பெட்ரோல் இஞ்சினும் இருக்கும், பேட்டரியில ஓடற மோட்டாரும் இருக்கும். எப்ப எது ஓடணும்னு காரே முடிவு பண்ணிக்கும்."

"ஒரு ஸ்டியரிங்குக்கு ரெண்டு டிரைவர். வெளங்கும்."

அனு அவனைப் பார்க்காமலே தொடர்ந்தாள். "அந்தப் பொம்பள பேரு கன்னியம்மாவாம். போலீஸ் பிடிச்சு வெச்சிருக்கு. கூட்டாளிகிட்ட பையக் குடுத்து அனுப்பிட்டு இப்ப கதை விடறா. கார் தானா உறுமிச்சாம், பயந்துட்டாளாம், அதனால கொட்டிடுச்சாம். உள்ள ஆளே இல்ல, சாவி ரோஹித் பாக்கெட்ல இருக்கு, கார் எப்படி உறுமும்? பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் படிப்பு வேணும்."

"நீங்க பங்குக்குப் போனீங்களா?" என்று கேட்டார் சியாமளா.

"நானா? காலையிலேர்ந்து நாவலூர் ஆபீஸ்லதான் இருந்தேன். எல்லாம் ரோஹித் போன்ல சொன்னது. அந்த பங்க் எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது, அவ மூஞ்சியையும் பாத்ததில்ல. கை நிறைய மருதாணி வெச்சுக்கிட்டு திருட வந்திருக்கா, திமிரப் பாருங்க. எனக்கு வேண்டியது உங்க ரிப்போர்ட் மட்டும். பங்க் ஆள் திட்டம் போட்டுத் திருடினாங்கன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, போதும். பணம் போட்டவங்ககிட்ட காட்டணும்."

"மெட்ராஸ்ல பெரிய ஏஜென்சி நிறைய கீதே மேடம்," என்றான் ஜெபசிங்.

"சின்ன வேலைக்கு எதுக்குப் பெரிய ஆளுங்க?"

ஜெபசிங்குக்குக் காது சுட்டது. கேட்ட இடத்தில் கையெழுத்துப் போடுகிற ஆட்கள் என்று நினைத்துத்தான் இந்த மாடியேறி வந்திருக்கிறாள். சியாமளா மட்டும் கோபப்படாமல், "சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்," என்றார்.

கீழே இருந்து ஜெராக்ஸ் கடை ஆபிரகாமின் குரல் வந்தது. "யாரு வண்டிம்மா அது? டிரைவரு டீ குடிக்கிறாரு, வண்டி பாட்டுக்கு ஓடிகினே கீது. கடையெல்லாம் ஒரே புகை. காயிதம் எல்லாம் நாறுது."

"நான் உக்காரும்போது சீட் குளுகுளுன்னு இருக்கணும்," என்று சியாமளாவிடம் விளக்கம் சொல்லிவிட்டு அனு இறங்கிப் போனாள்.

சியாமளா இன்ஸ்பெக்டர் லட்சுமணனுக்குப் போன் போட்டுப் பேசினார். வைத்தபோது முகம் சுருங்கியிருந்தது. "சாயங்காலம் மாஜிஸ்திரேட் வீட்டுல ஆஜர்படுத்தப் போறாராம். அப்புறம் ஜெயில்தான். அந்தக் கன்னியம்மாவோட தங்கச்சிக்கு நாளன்னிக்குக் கல்யாணமாம். அக்கா ஜெயிலுக்குப் போனா பொண்ணு வேண்டாம்னு மாப்பிள்ளை வீட்டுல இப்பவே சொல்லியனுப்பிட்டாங்களாம். வண்டிய எடு."

*

ஜெபசிங்கின் பழைய ஆட்டோ திருக்கழுக்குன்றம் வழியாகக் குலுங்கிக் குலுங்கிக் கிழக்கே போயிற்று. ஆவணிப் புழுக்கம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"மேடம், கார் தானா உறுமும்ங்கறீங்களா?"

"பொய் சொல்ற ஆளு நம்பற மாதிரி பொய் சொல்லும். எவனும் நம்பாத பொய்ய எதுக்குச் சொல்லணும்?"

பங்க் முதலாளி தர்மராஜ் அவர்களைப் பார்த்ததும் ஓடிவந்தார். பதற்றம் கன்னியம்மாவுக்காக இல்லை. லைசென்ஸ் போய்விடுமோ என்ற கவலை.

"அந்தப் பொம்பளைய அப்பவே வேலைய விட்டுத் தூக்கிட்டேன் மேடம். நம்ம பங்க்ல ஒரு தப்பு நடக்காது. ஜீரோ காட்டாம ஒரு சொட்டு ஊத்த மாட்டோம்."

"எப்படிக் கொட்டிச்சு?"

"குலுக்கி ஊத்தறப்பதான் மேடம்."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டேங்க் நிரம்பியதும் பம்ப் குழாய் டக்கென்று தானே நின்றுகொள்ளும். ஊத்தினது போதும் என்று அதற்கு அர்த்தம். நம் ஜனங்களுக்கோ அதுதான் ஆரம்பம். வண்டியைப் பிடித்து ஆட்டி, உள்ளே இருக்கிற காற்றை வெளியேற்றி, விசையை மறுபடி மறுபடி அழுத்தி, கழுத்து வரைக்கும் பெட்ரோல் பளபளப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் திருப்தி. மூடியைத் திருகி நாலு கிலோமீட்டர் போவதற்குள் அது வெயிலில் பொங்கி வழிந்துவிடும். அதைப் பற்றி யாருக்கும் வருத்தமில்லை. ஃபுல் டேங்க் போட்டோம் என்ற பெருமை ஒன்று போதும், எப்பேர்ப்பட்ட ஆளும் கார் பின்னால் நின்று இடுப்பை வளைத்துக் குலுக்குவான்.

"யார் குலுக்கினது?" என்றார் சியாமளா.

"ரோஹித் சாரேதான். அதுதான் மேடம் எனக்கே ஆச்சரியம். வாராவாரம் வருவாரு. வந்தா எங்க ஆளுங்களுக்கு ஒரு பாடமே நடத்துவாரு. குழாய முழுசா உள்ள சொருகு, மெதுவா ஊத்து, ஒரு தடவ டக்குன்னு நின்னா அதோட எடுத்துரு, அதுக்கு மேல ஒரு சொட்டு ஊத்தினா ஆவி போற குழாயில பெட்ரோல் ஏறி இந்தக் காரே கெட்டுப்போயிரும், அப்படி இப்படின்னு. ஒரு தடவ கன்னியம்மா ரெண்டாவது தடவ அழுத்திட்டான்னு என்கிட்ட கம்ப்ளெயின்ட் பண்ணாரு. இன்னிக்கு அவரே நின்னு, ஊத்து ஊத்துன்னு குலுக்குறாரு."

"நீங்க அத போலீஸ்ல சொன்னீங்களா?"

"எல்லாரும் குலுக்குறாங்க. இதுல என்னத்தச் சொல்றது?"

ஜெபசிங் சியாமளாவைப் பார்த்தான். எல்லாரும் செய்கிற காரியத்தை, செய்யவே செய்யாத ஒருவன் செய்தால், யார் கண்ணிலும் அது விழாது. சரியான இடத்தில்தான் ஒளிந்திருக்கிறான் இந்த ரோஹித் என்று நினைத்தான்.

அந்த மகான் தர்மராஜின் அறையில்தான் உட்கார்ந்திருந்தான். பங்க் சார்பில் ஒரு மன்னிப்புக் கடிதம் வேண்டுமாம், அதற்காக இளநீர் குடித்துக்கொண்டு காத்திருந்தான். வெள்ளைக் கதர்ச் சட்டை, தோளில் சணல் பை. அனு அமர்த்திய ஆட்கள் என்று சொன்னதும் முகம் மலர்ந்தது.

"கார நிறுத்தினதும் என்ன பண்ணீங்க?" என்று கேட்டார் சியாமளா.

"கண்ணாடிய ஏத்தி, ஆஃப் பண்ணி, சாவியப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு இறங்கினேன். பை பின் சீட்ல இருந்தது. கார்ல வேற யாரும் இல்ல. பூட்டாம விட்டது என் தப்பு. இந்த ஜனங்கள நம்பினேன் பாருங்க."

"ஏசி ஓடிச்சா?"

ரோஹித் சிரித்தான். "இந்தக் கார் வாங்கினதிலேர்ந்து நான் ஏசி போட்டதே கிடையாது மேடம். ஜன்னலத் திறந்து வெச்சுத்தான் ஓட்டுவேன். லிட்டருக்கு எவ்வளவு மிச்சம் தெரியுமா? பூமிக்கு என்னால முடிஞ்ச சேவை. பத்திரிகையில பேட்டிகூட வந்திருக்கு."

"நானும் ஷேர் ஆட்டோவுல ஏசி போட்டதேயில்ல சார்," என்றான் ஜெபசிங். "இத்தினி வருசமா பூமிக்கு சேவை பண்ணிகினு இருந்தது எனக்கே தெரியாம போச்சு."

ரோஹித் அதற்கும் சிரித்தான். கிண்டல் என்பது தனக்குக் கீழே இருப்பவர்களைச் செய்வது என்று நினைக்கிறவன், தன்னையே செய்யும்போது கண்டுபிடிக்க மாட்டான்.

"கன்னியம்மா எப்படி இருந்தா? பதற்றமா இருந்தாளா? கையில ஏதாவது வெச்சிருந்தாளா, மோதிரம், காயம், வேற ஏதாவது?"

"பெட்ரோல் போடறவ கையை எல்லாம் யார் பாத்துக்கிட்டு இருப்பா? நான் கார் பின்னால நின்னேன். அவ முதுகுதான் தெரிஞ்சது. ஆனா என் கார் கண்ணாடியில அவ கை பதிஞ்சிருக்கு. இன்ஸ்பெக்டரே பாத்தார். கதவத் திறக்கப் பாத்திருக்கா."

சியாமளா தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். கொட்டின இடம் செம்மண் கலராகக் கிடந்தது. அவர் முகம் சுளித்தார்.

"தீயணைப்பு வாளியில மணல் எங்க?"

தர்மராஜ் தலையைச் சொறிந்தார். "மணல் கிடைக்கல மேடம். ஏரி மண்ண ரொப்பி வெச்சேன். அது காஞ்சு கல்லா இறுகிப்போச்சு. கன்னியம்மாதான் கையாலயே நோண்டி எடுத்துப் போட்டா. அதுக்குள்ள பசங்க காரத் தள்ளி அந்தப் பக்கம் நிறுத்திட்டு ரோட்டுக்கு ஓடிட்டாங்க. நகமெல்லாம் பேந்துபோயி ரத்தம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி ரெண்டு கையிலயும் கட்டுப் போட்டு, அங்கேர்ந்துதான் போலீஸ் கூட்டிட்டுப் போனாங்க."

திருட வந்தவள் நகம் பெயர மண் நோண்டிக்கொண்டிருந்தாள், மற்ற அத்தனை பேரும் ரோட்டில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இதைச் சொல்லும்போது தர்மராஜுக்குக் கொஞ்சம்கூட வெட்கமாக இல்லை. ஜெபசிங்குக்கு அந்த ஆள் காலரைப் பிடித்து அந்த வாளிக்குள்ளேயே தலைகீழாகச் சொருகலாம் போலிருந்தது.

சியாமளா குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைத் தொட்டுக்கொண்டே நகர்ந்தார். எங்கு தொட்டாலும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஓரிடத்தில் மட்டும் உதிரவில்லை. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மண் இறுகி ஓடாக நின்றது. விரலால் நெம்பினார், அடை மாதிரி முழுசாகப் பெயர்ந்து வந்தது.

"இங்க தண்ணி ஊத்தினீங்களா?"

"பெட்ரோல் மேல எவனாவது தண்ணி ஊத்துவானா மேடம்?"

"அந்த அறிவாவது இருக்கே. கார் நின்னப்ப இந்த இடத்துக்கு மேல என்ன இருந்தது?"

தர்மராஜ் பம்பைப் பார்த்து அளந்தார். "கார் மூக்கு."

ஜெபசிங் பக்கத்தில் உட்கார்ந்தான். பெட்ரோல் பட்ட மண், பெட்ரோல் ஆவியானதும் பழையபடி பொடியாகிவிடும். ஏரி மண் இறுக வேண்டுமென்றால் தண்ணீர் வேண்டும். நிற்கிற காரின் மூக்குக்கு அடியில் எந்தத் தண்ணீர் சொட்டும் என்று வண்டி ஓட்டியவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மேடம்," என்றான் மெதுவாக. "பூமிக்கு சேவை பண்றவரு கொஞ்சம் லீவு எடுத்திருக்காரு. இது ஏசித் தண்ணி."

சியாமளா அந்த மண் அடையைச் செய்தித்தாளில் சுற்றி அவனிடம் கொடுத்தார். "ஒடைக்காம எடுத்துட்டு வா. ஒரு பொம்பளையோட கல்யாணம் இதுல இருக்கு."

*

ஸ்டேஷன் வளாகத்தில் வேப்பமரத்தடியில் ரோஹித்தின் கார் நின்றது. வெள்ளிக் கலர், ஜன்னலுக்கெல்லாம் கன்னங்கரேல் என்று ஃபிலிம். தாழ்வாரத்துப் பெஞ்சில் கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயசிருக்கும். புடவைக்கு மேல் போட்டிருந்த பங்க் யூனிஃபார்ம் சட்டையெல்லாம் செம்மண், இரண்டு கையிலும் விரல் நுனி மட்டும் தெரியும்படி வெள்ளைக் கட்டு.

"என்ன நடந்ததுன்னு எனக்கு ஒரு தடவ சொல்லும்மா," என்றார் சியாமளா.

"இன்னாத்த சொல்றது மேடம். சொன்னா சிரிக்கிறாங்கோ." குரலில் அழுகை இல்லை, எரிச்சல்தான் இருந்தது. "ஊத்திகினு இருந்தேன். அந்தாளு ஆட்டிகினு இருந்தாரு. டக்கு டக்குனு நின்னுச்சு, ஊத்து ஊத்துன்றாரு. திடீர்னு வண்டி உர்ருனு ஸ்டார்ட் ஆச்சு. பதறிப்போயி குழாய உருவிட்டேன், விசையில கீற விரல எடுக்கல. அல்லாம் கொட்டிப்போச்சு."

"அப்புறம்?"

"வண்டி ஓடுதுன்னா உள்ள யாரோ கீறாங்கன்னுதானே அர்த்தம். ஒரு பொறி பட்டா வெந்துருவாங்களேன்னு கண்ணாடிய அட்சேன். எறங்கு எறங்குன்னு கத்தினேன். யாரும் தொறக்கல. கண்ணாடி கருப்பு, உள்ள ஒண்ணியும் தெர்ல. அப்பால மண்ணு அள்ள ஓடிட்டேன். நான் எதுக்கு மேடம் பைய எடுக்கப் போறேன்? நாளன்னிக்குத் தங்கச்சிக்குக் கண்ணாலம். மாப்ள வூட்டுல இன்னா சொல்லியனுப்பினாங்கன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்."

சியாமளா காரிடம் போய் இடது பக்கப் பின் ஜன்னலைச் சாய்ந்து பார்த்தார். தூசி படிந்த கறுப்புக் கண்ணாடியில் இரண்டு முழு உள்ளங்கைகள், ஒன்றின் மேல் ஒன்றாகப் பல தடவை பதிந்திருந்தன. கதவுப் பிடியில் தூசி கலையவே இல்லை.

இன்ஸ்பெக்டர் லட்சுமணன் மீசையைத் தடவிக்கொண்டு வந்தார். கெட்டவர் இல்லை, ஆனால் கேஸ் தானாக முடிந்துவிட்டால் அதைக் கிளற விரும்பாதவர். "கைரேகை கண்ணாடியிலயே இருக்கு மேடம். இதுக்கு மேல என்ன வேணும்?"

"கதவத் தொறக்க வர்றவன் கண்ணாடியில பளார் பளார்னு அறைவானா சார்? பிடியத்தான் தொடுவான். நீங்க அவங்க ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க. ரிப்போர்ட் ரெடின்னு சொல்லுங்க, பறந்து வருவாங்க. இந்தக் கார் சாவியும் எனக்கு வேணும்."

பறந்துதான் வந்தார்கள். ரோஹித் பங்கிலிருந்து, அனு ரிசார்ட்டிலிருந்து. அனுவின் கார் வாசலில் நின்றது. டிரைவர் இறங்கினான், இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்டேஷன் தாழ்வாரத்துப் புழுக்கத்தில் அவள் மறுபடி கைக்குட்டையை எடுத்தாள். பெஞ்சில் இருந்தவளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

சியாமளா ஹைபிரிட் காரில் ஏறி ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். ஒரு சத்தமும் வரவில்லை. ஏசியை முழுசாக வைத்தார். கதவைச் சாத்திவிட்டு இறங்கி வந்து நின்றார்.

"ஸ்டார்ட் ஆகல மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"பேசிக்கிட்டு இருப்போம் சார். ரோஹித் சார், நீங்க சொல்லுங்க, பங்க்ல கார் ஆஃப்லதானே இருந்தது?"

ரோஹித் தலையாட்டினான். "ஆமா." அவன் கண் காரைவிட்டு நகரவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று அந்த வளாகத்தில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஜெபசிங் அவன் நெற்றியில் வியர்வை துளிர்ப்பதை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆளில்லாத கார் உர்ரென்று உறுமியது. பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் துள்ளிக் குதித்ததில் தொப்பி கீழே விழுந்தது.

"அதேதான்," என்றாள் பெஞ்சிலிருந்து கன்னியம்மா. "அதே சத்தம்தான் சார்."

"ஏசி பேட்டரியில ஓடுது," என்றார் சியாமளா. "பேட்டரி இறங்கினா, அத ஏத்தறதுக்கு இஞ்சின் தானாக் கிளம்பும். கார் ஆன்ல இருந்தா போதும், ஓட்டற ஆளு வேண்டாம். சத்தம் இல்லேன்னா வண்டி ஆஃப்னு நினைக்கிற பழக்கம் நமக்கு. அந்தப் பழக்கத்துலதான் இந்தம்மா பெட்ரோல் ஊத்தினா. நீங்க எல்லாரும் சிரிச்சீங்களே சார், அவ சொன்னது நிஜம்."

ஜெபசிங் செய்தித்தாளைப் பிரித்து மண் அடையைத் தாழ்வாரத்து மேஜைமேல் வைத்தான். "இது ஏசித் தண்ணி சொட்டின எடம் சார். பூமி தாயோட சாட்சி."

"சரி," என்றான் ரோஹித். "அவசரத்துல ஆஃப் பண்ண மறந்திருப்பேன். ஏசியும் ஓடியிருக்கும். அதுக்கென்ன?"

"கார் வாங்கினதிலேர்ந்து ஏசியே போட்டதில்லன்னு நீங்கதானே சொன்னீங்க? பேட்டி வேற குடுத்திருக்கீங்க. உங்களுக்காக அது ஓடல. பின்ன யாருக்காக ஓடிச்சு? வாராவாரம் குலுக்காதேன்னு பாடம் நடத்தற நீங்க, இன்னிக்கு எதுக்கு நின்னு குலுக்கினீங்க? பெட்ரோல் வழியணும், ஜனங்க ஓடணும், அந்தக் களேபரத்துல உள்ள இருக்கற ஆளு பையோட அந்தப் பக்கக் கதவால இறங்கி, பயந்து ஓடற கூட்டத்தோட கூட்டமா, தள்ளி நிக்கற இன்னொரு காருக்கு நடந்து போகணும். கணக்கு இருந்தாத்தானே வெளிநாட்டுக்காரங்க கேள்வி கேப்பாங்க. கணக்கு திருடு போச்சுன்னா கேள்வியே கிடையாது."

"ஏதாவது உளறாதீங்க," என்றாள் அனு. "நான் உங்களுக்குப் பணம் குடுத்தது இதுக்கில்ல."

"இன்னும் குடுக்கல மேடம்," என்றான் ஜெபசிங். "குடுக்கவும் மாட்டீங்க."

சியாமளா கன்னியம்மாவிடம் திரும்பினார். "வலிக்குமா? வலதுகைக் கட்டக் கொஞ்சம் பிரிக்கலாமா?"

கன்னியம்மா கையை நீட்டினாள். துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார்கள். பெயர்ந்த நகங்கள், காய்ந்த ரத்தம். உள்ளங்கை நடுவில் நிலா வட்டமாக மருதாணி, சுற்றிலும் புள்ளிகள், செக்கச்செவேல் என்று பற்றியிருந்தது.

"நேத்து ராத்திரி தங்கச்சிக்கு வெக்கச்சொல்ல எனுக்கும் வெச்சாங்கோ," என்றாள் கன்னியம்மா, எதற்கு இது என்று புரியாமல்.

"இன்ஸ்பெக்டர் சார், நீங்க இத முன்னாடி பாத்தீங்களா?"

"இல்லையே. ஆஸ்பத்திரியிலேர்ந்து கட்டோடதான் வந்தா."

"இந்த மருதாணியப் பத்தி மத்தியானமே எங்கிட்ட ஒருத்தங்க சொன்னாங்க. பங்க் பக்கம் போனதில்ல, அவ மூஞ்சியே பாத்ததில்லன்னு சொன்ன அதே வாயால. உள்ளங்கை மருதாணி எப்பத் தெரியும்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து, தன்னக் காப்பாத்த இந்தம்மா அறையற கையப் பாத்துக்கிட்டு இருந்தாத்தான் தெரியும்."

அனு கைக்குட்டையை மடித்தாள். மறுபடி பிரித்தாள். "ரோஹித் போன்ல சொன்னார்."

எல்லாரும் ரோஹித்தைப் பார்த்தார்கள். அவன் ஒரு வார்த்தை, ஆமாம் என்ற ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தப்பியிருப்பாள். ஆனால் பூமியையே காப்பாற்றுகிறவனுக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதுதான் முதலில் தோன்றியது.

"நான் சொல்லல," என்றான். "நான் அவ கையப் பாக்கவே இல்ல. இது முழுக்க அனுவோட ஐடியா சார்."

அனு அவனை நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவர்கள் கூட்டுக் கம்பெனி அங்கேயே மூடப்பட்டது. லட்சுமணன் கான்ஸ்டபிளுக்குக் கண் காட்டினார். அவர் வாசலில் ஓடிக்கொண்டிருந்த அனுவின் காரைத் திறந்து பார்த்துவிட்டு, பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு தோல் பையை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஜெபசிங் பையைத் தொட்டுப் பார்த்தான். "சில்லுனு கீது மேடம். பணம் போட்டவங்க காசு கருகிப்போச்சு, பை மட்டும் நாள் பூரா குளுகுளுன்னு இருந்திருக்கு."

இன்ஸ்பெக்டர் கன்னியம்மாவை வீட்டுக்குப் போகச் சொன்னார். ஜீப்பில் கொண்டுபோய் விடுவதாகவும், மாப்பிள்ளை வீட்டில் தானே வந்து பேசுவதாகவும் சொன்னார். ஒரு மன்னிப்பும் கேட்டிருக்கலாம், அந்தளவுக்கு மீசை வளைந்து கொடுக்கவில்லை.

கன்னியம்மா எழுந்தாள். பிரிந்த கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அனு முன்னால் வந்து நின்றாள். அனு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். மருதாணிக் கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"அப்பவே கதவத் தொறந்திருந்தா, அந்தப் பைய நானே தூக்கினு வந்து ரோட்டாண்ட வுட்டிருப்பனே," என்றாள். "உனுக்கு அது கூடத் தோணல பாரு."